அவுட்புட் வரல சார்

எங்கள் மைக்ரோகண்ட்ரோலர் லேபின் கதவோரம் ஓர் ஆணியில் லாங் சைஸ் நோட்டு ஒன்று பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஓட்டை போட்டுச் சணல் கோத்து, சணலின் மறுமுனையில் ஒரு பேனா. கணினிகளில், சில்லு இல்லாமலே நிரலைத் திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் போட்ட வாரம் நான்தான் அதை மாட்டினேன். பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் 'குறை', வலப்பக்கம் 'பதில்'. சாஃப்ட்வேரில் என்ன கோளாறு கண்டாலும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன் என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். பயன்படுத்துகிறவர்களின் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. முப்பது பேர் ஒரே சமயத்தில் "சார்... சார்..." என்று கூப்பிடுவதிலிருந்து தப்பிக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதப் பக்கங்களை இப்போது புரட்டினால் கிட்டத்தட்ட ஒரே வரிதான், வேறு வேறு கையெழுத்தில்: அவுட்புட் வரல சார்.

தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த எவருக்கும் இந்த வாக்கியம் தெரியும். வைவாவில், எக்ஸ்டர்னல் எதிரில், ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கும் வரிசையில், எங்கும் கேட்பது. அந்த 'வரல' என்ற சொல்லை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். மழை வரல, பஸ் வரல, கரண்ட் வரல என்பதைப் போலவே அவுட்புட்டும் எங்கிருந்தோ வர வேண்டிய ஒன்று. காத்திருக்கிறவன் மேல் அதில் பழி எதுவும் இல்லை. 'வரல' என்று எழுதுகிறவன் எந்த உள்ளீட்டைக் கொடுத்தான், என்ன எதிர்பார்த்தான், என்ன கிடைத்தது என்று எதுவும் சொல்வதில்லை. உலகெங்கும் மென்பொருள் செய்கிறவர்கள் பயனரிடம் மன்றாடிக் கேட்பவை இந்த மூன்றும்தான். எங்கள் நோட்டில் அவை மூன்றும் தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

சிமுலேட்டர் வருவதற்கு முன் குறை சொல்ல யாருக்கும் அவகாசம் இருந்ததில்லை. எட்டு கிட், முப்பது மாணவர்கள். நாங்கள் கற்றுக்கொடுத்தது 8051. இன்டெல் 1980இல் வெளியிட்ட சில்லு. நாற்பது கால்கள், உள்ளே 4 கிலோபைட் நிரல் நினைவகம், 128 பைட் ராம். இன்று யார் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் அதன் வழிவந்த சில்லுகளைப் பல நிறுவனங்கள் செய்தன, பாடத்திட்டத்தில் அது வேரூன்றி நின்றுவிட்டது. நான் படித்த காலத்தில் நிரலை ஈப்ரோமில் எரிப்போம். முதுகில் சிறு கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லு அது. ஒரு ஜம்ப் விலாசம் தப்பினாலும் அதைப் பிடுங்கி, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் கால்மணியோ இருபது நிமிடமோ வைத்து அழித்து, மறுபடி எரிக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் டீ குடிக்கலாம். இல்லையென்றால் தாளை எடுத்து வரி வரியாகப் படிக்கலாம். பெரும்பாலோர் டீ குடித்தோம். ஆனாலும் பெட்டிக்குள் வைக்கும் முன் ஒரு தடவையாவது பயந்து யோசித்தோம்.

பிறகு ஃபிளாஷ் சில்லுகள் வந்தன. அட்மெல்லின் 89எஸ்52-ஐ ஆயிரம் தடவை அழித்து எழுதலாம் என்று அதன் விவரத்தாள் உறுதி கொடுத்தது. சிமுலேட்டருக்கு அந்தக் கணக்கும் கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம், நடுவில் நிறுத்தலாம், நேரத்தையே உறையவைத்து எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். ஸ்டாக் பாயிண்டர் 07 என்ற இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவது ரெஜிஸ்டர் பேங்கை மிதித்துக்கொண்டு ஏறுவதை நான் பலகையில் சாக்பீஸால் பத்து வருடம் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒருத்தருக்கும் புரிந்ததில்லை. சிமுலேட்டர் திரையில் அந்த எண்கள் நிறம் மாறியதைக் கண்ட அன்று வகுப்பே "ஓ" என்றது. அந்த "ஓ"வை நோட்டில் எவரும் எழுதவில்லை. நல்லதை எழுத அங்கே பத்தியும் கிடையாது, நான்தான் கோடு போடவில்லை.

எடிட்டரைப் பற்றிய குறைகள் ஒரு தனிச் சாதி. இருபத்து மூன்றாம் வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் இருபத்து நான்காம் வரியைக் குற்றம் சொல்லும். "சார், 24ல தப்பே இல்ல, சாஃப்ட்வேர்தான் தப்பு" என்று நாலைந்து பேர். அவர்கள் சொன்னது பாதி நியாயம். வாக்கியம் முடியவில்லை என்று அடுத்த சொல்லைப் படித்த பிறகுதான் கம்பைலருக்குத் தெரியவருகிறது. தான் திகைத்து நின்ற இடத்தை அது சொல்கிறது. தவறு நடந்த இடமும் அது தெரியவரும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இன்னொரு பக்கத்தில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "என் பேர்ல தமிழ்ல ஃபோல்டர் போட்டா ஃபைல் ஓப்பன் ஆகல. இங்கிலீஷ்ல போட்டா ஆகுது." பதில் பத்தியில் நான் எழுதியது: "இங்கிலீஷில் போடவும்." வேறு என்ன எழுத? கோப்பின் பாதையில் ஆங்கில எழுத்து தவிர எதையும் கண்டிராத காலத்துக் கருவி அது. செய்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கவனிப்பதாகப் பதில் வந்தது. நான் எழுதிய அந்த இரண்டு சொல் பதிலை இன்று பார்க்கும்போது கை கொஞ்சம் கூசுகிறது. அவன் எழுதியது, அந்த நோட்டிலேயே முதல்முதலாக, என்ன செய்தேன், என்ன ஆனது, எதை மாற்றினால் சரியாகிறது என்று மூன்றும் அடங்கிய குறை. இரண்டே வரி. அதற்கு அகப்பட்டது இது.

மாணவர்கள் பிராஜக்ட் செய்யும் பருவம் வந்ததும் நோட்டின் தொனி மாறியது. புதிய வாக்கியம்: சிமுலேட்டர்ல ஓடுது, போர்டுல ஓடல.

இதைப் படித்ததும் எந்தப் பழைய கையும் சிரிக்கும். முப்பத்தொன்றாவது காலை ஐந்து வோல்ட்டில் கட்டினாயா என்று கேட்பேன். பாதிப் பேர் கட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கால் தரையில் கிடந்தால் சில்லு தன் வயிற்றுக்குள் இருக்கும் நிரலை விட்டுவிட்டு வெளியே இல்லாத நினைவகத்தில் போய்த் தேடும். மிதக்கவிட்டாலோ எங்கே தேடும் என்று சொல்ல முடியாது. திரையில் இருந்த சில்லுக்கு முப்பத்தொன்றாவது கால் இல்லை. கால்களே இல்லை. இதை ஒரே நாளில் பதினொரு பேருக்குச் சொன்ன பிறகு சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

போர்ட் ஜீரோ விவகாரம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. ஒரு மாணவி எட்டு எல்இடிகளைப் போர்ட் ஜீரோவில் கட்டியிருந்தாள், ஒவ்வொன்றும் காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு. திரையில் எட்டுப் பெட்டியிலும் டிக் ஓடி விளையாடியது. பிரெட்போர்டில் இருட்டு. வயரை மாற்றினாள், எல்இடியை மாற்றினாள், சில்லையே மாற்றினாள். நோட்டில் எழுதினாள்: "1 எழுதினா 1 வரல. சாஃப்ட்வேர் பொய் சொல்லுது." காரணம் பாடப்புத்தகத்தில் ஓர் ஓரமாக இருக்கிறது. வெளி நினைவகத்தோடு பேசும்போது விலாசத்தையும் தரவையும் மாற்றி மாற்றி ஏற்றிச்செல்வது அந்தப் போர்ட்தான். அதற்காக மற்ற மூன்று போர்ட்டுகளில் இருக்கும் உள்ளார்ந்த இழுப்பு ரெசிஸ்டரை அதில் வைக்கவில்லை. அங்கே 0 என்றால் கால் தரைக்கு இழுக்கப்படும். 1 என்றால் கால் மேலே போவதில்லை. பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறது, அவ்வளவே. மேலே தூக்க வெளியிலிருந்து ஒரு 10 கே ரெசிஸ்டராவது வேண்டும். எல்இடி நன்றாக எரிய அதுவும் போதாது. கட்டும் திசையையே மாற்ற வேண்டும். சிமுலேட்டருக்கோ போர்ட் என்பது எட்டு பிட் கொண்ட ஒரு பெட்டி. 1 போட்டால் 1.

அவள் எழுதிய 'பொய்' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நிரல் 1 எழுதியது உண்மை, அதை சிமுலேட்டர் காட்டியதும் உண்மை. அந்த 1இன் பொருள் "நான் கையை விட்டுவிட்டேன்" என்பதை அது சொல்லாமல் விட்டது. சொல்லாமல் விடுவதைப் பொய் என்று சொல்லலாமா என்பது தர்மருக்கே சிக்கலான கேள்வி.

அடுத்தது படிகக் கதை. சீரியல் போர்ட்டில் கணினியோடு பேச வேண்டுமென்றால் 8051காரர்கள் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற வினோத எண் கொண்ட கிரிஸ்டலைப் போடுவார்கள். அதை 12ஆல் வகுத்து, 32ஆல் வகுத்து, டைமரில் 3ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 9600 வரும். ஒரு பையன் கடைக்குப் போனான். கடைக்காரர், "அது இல்ல, 12 தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று கொடுத்துவிட்டார். 12 போட்டால் அதே வகுத்தலில் சுமார் 10417 வருகிறது, எட்டரை சதவீதம் அதிகம். ஓர் எழுத்துக்குரிய பத்து பிட் போய்ச்சேர்வதற்குள் முக்கால் பிட்டுக்கு மேல் நழுவிவிடும். கணினித் திரையில் அவன் பெயருக்குப் பதிலாகக் கோணல்மாணலாக ஏதேதோ குறிகள். சிமுலேட்டரின் சீரியல் ஜன்னலிலோ பெயர் அட்சரம் பிசகாமல் வந்தது. ஏன் வராது? அந்த ஜன்னலுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. நிரல் அனுப்புபெட்டியில் போட்ட எழுத்தை அப்படியே எடுத்துக் காட்டிவிடும். இரண்டு பேர் இரண்டு கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவதுதான் சீரியல் பேச்சு. அங்கே இருந்தது ஒரே ஆள்.

பதில் பத்தியில் "கிரிஸ்டலைப் பார்" என்று எழுதினேன். அவன் கீழே எழுதினான்: "சாஃப்ட்வேர்ல 11.0592ன்னு நான்தான் டைப் பண்ணேன் சார். அது நம்பிடுச்சு."

இந்தக் குறைகளையெல்லாம் பார்த்துவிட்டு சிமுலேட்டரே வேண்டாம் என்று சொன்ன ஆசிரியர்கள் எங்கள் துறையில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் கதை 1975இல் நடந்தது. அந்த ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' அட்டையில் ஆல்டெயர் 8800 என்ற கணினிப் பெட்டியின் படம் வந்தது. உள்ளே இன்டெல் 8080. அதற்கு பேசிக் மொழி எழுதித் தருகிறோம் என்று பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டெயரைச் செய்த எம்ஐடிஎஸ் நிறுவனத்திடம் சொல்லிவிட்டார்கள். இருவரிடமும் ஆல்டெயர் இல்லை. 8080இன் கையேட்டைப் படித்து, ஹார்வர்டின் பிடிபி-10 கணினிக்குள் அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சிமுலேட்டரை ஆலன் எழுதினார். கேட்ஸும், மிதவைப்புள்ளிக் கணக்குப் பகுதியை எழுதிய மான்டி டேவிடாஃபும், ஆலனும் அதன் மேல் பேசிக்கை வளர்த்தார்கள். காகித நாடாவோடு அல்புகர்க்கி ஊருக்கு விமானத்தில் போகும்போதுதான், நாடாவிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றும் சிறு நிரலை எழுத மறந்தது ஆலனுக்கு உறைத்தது. விமானத்திலேயே தாளில் எழுதினார். நிஜமான ஆல்டெயரில் அந்த பேசிக் ஓடியது. 2+2 கேட்டார்கள், 4 வந்தது.

இதை மேதைமைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இது ஒரு கையேட்டின் கதை. ஏதேனும் ஒரு கட்டளையின் விளக்கம் அதில் பிசகியிருந்தால் சிமுலேட்டரும் அதே இடத்தில் பிசகியிருக்கும், பேசிக்கும் பிசகியிருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய், ஆல்டெயர் ஒன்று மட்டும் ஒத்துப்போகாமல் நின்றிருக்கும். அந்தக் கையேட்டை எழுதியவர்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் வராது.

கையேட்டுக்கும் சில்லுக்கும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு என்பதால் இந்த விஷயம் எனக்கு ருசிக்கிறது. 6502 என்ற பழைய செயலியில் மறைமுகத் தாவல் என்று ஒரு கட்டளை. போக வேண்டிய விலாசம் இரண்டு அடுத்தடுத்த பைட்களில் இருக்கும். முதல் பைட் ஒரு பக்கத்தின் கடைசி இடமாகிய எஃப்எஃப்-இல் இருந்தால், இரண்டாவது பைட்டை அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் தேட வேண்டியது நியாயம். 6502 அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் எடுக்கும். பிழைதான். பின்னால் வந்த 65சி02இல் திருத்தினார்கள். இப்போது 6502க்கு சிமுலேட்டர் எழுதுகிறவர் என்ன செய்ய வேண்டும்? நியாயப்படி எழுதினால், அந்தச் சில்லு உண்மையில் செய்வதைச் செய்யவில்லை என்று ஒருவர் குறை எழுதுவார். சில்லின்படி எழுதினால், தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டுமே கவனமாகப் படித்தவர்கள் எழுதும் குறை.

நம் ஊரில் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய வேதனை. பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபடும். ஒரு பாடம் பொருளுக்குப் பொருந்தும், இன்னொன்று பழைய ஏட்டில் இருக்கும். உரைகாரர் கொண்ட பாடம் மூன்றாவதாக ஒன்று. சில்லு உலகில் விவரத்தாளை மூலம் என்றும் சிமுலேட்டரை உரை என்றும் எண்ணிக்கொண்டு நாங்கள் பாடம் நடத்தினோம். யோசித்துப் பார்த்தால் விவரத்தாளே ஓர் உரைதான். மூலம் சிலிக்கானில் இருக்கிறது, அதைக் கண்ணால் படிக்க முடியாது. 'விஷுவல் 6502' என்ற முயற்சியில் ஈடுபட்டவர்கள் அதையும் படித்தார்கள். சில்லின் மேலோட்டை அகற்றி, நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் வரைந்தெடுத்து, அந்த வரைபடத்தையே ஓட்டிப்பார்த்தார்கள். கையேட்டை அவர்கள் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஏட்டை நேரில் பார்த்தவனின் தைரியம் அது.

8051இலும் ஒரு சின்னப் புதிர் இருக்கிறது. ஒரு பைட்டில் 256 கட்டளைக் குறிகள் அடங்கும். அதில் 255க்குப் பொருள் உண்டு. ஏ5 என்ற குறிக்கு மட்டும் பொருள் சொல்லப்படவில்லை. ஒதுக்கப்பட்டது என்று எழுதி விட்டுவிட்டார்கள். நிரல் தடம்புரண்டு தரவுக்குள் நுழைந்து ஏ5-ஐத் தொட்டால் என்ன ஆகும்? நாங்கள் வைத்திருந்த சிமுலேட்டர் ஒன்றும் நடக்காததுபோல் தாண்டிப் போய்விடும். அதைச் செய்தவர் ஏதோ ஒன்றை முடிவு செய்தாக வேண்டியிருந்தது, செய்துவிட்டார்.

ராம் விஷயத்திலும் இதேதான். மின்சாரம் கொடுத்தவுடன் 8051இன் ராமில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. பத்து எண்களைக் கூட்டும் நிரலில், கூட்டுத்தொகை வைக்கும் ரெஜிஸ்டரை முதலில் 0 ஆக்க மறந்த மாணவனுக்குச் சிமுலேட்டரில் சரியான விடை வந்தது, ஏனென்றால் அது எல்லாப் பெட்டியிலும் 0 நிரப்பிவைத்திருந்தது. போர்டில் முதல் தடவை ஒரு விடை. ரீசெட் அழுத்தினால் வேறொரு விடை, ஏனென்றால் ரீசெட் ராமைத் துடைப்பதில்லை. பழைய தொகையின் தலைமேல் புதிய தொகை ஏறுகிறது. "போர்டு ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொல்லுது, சிமுலேட்டர் எப்பவும் ஒரே பதில். எது நல்லது?" என்று நோட்டில் கேட்டிருந்தான். குறை எழுதும் பத்தியில் வந்த முதல் கேள்வி அது. நான் ஒரு வாரம் பதில் எழுதவில்லை.

இப்படிப்பட்ட குறைகள் குவியும்போது சிமுலேட்டர் செய்கிறவர்கள் அதை மேலும் மேலும் நிஜமாக்கப் பார்ப்பார்கள். பித்தானை எடுத்துக்கொள்வோம். நிஜப் பித்தானை ஒரு தடவை அழுத்தினால் உள்ளே உலோகத் தகடு துள்ளும். சில்லுக்கு அது நாலைந்து அழுத்தலாகத் தெரியும். ஜாக் கேன்சில் என்ற பொறியாளர் பதினெட்டு விதமான பித்தான்களை ஒவ்வொன்றையும் முந்நூறு தடவை அழுத்தி அளந்து எழுதியிருக்கிறார். துள்ளல் சராசரியாக ஒன்றரை மில்லிநொடிக்குச் சற்று மேல்; அடம்பிடித்த ஒன்றிரண்டைத் தள்ளிவைத்தால் அதிகபட்சம் 6.2. கேட்க அற்பமாக இருக்கும். ஒன்றரை மில்லிநொடி என்றால் எங்கள் 8051க்கு ஆயிரத்துச் சொச்சம் சுழற்சிகள், ஒரு சின்ன ஆயுள். இன்று உலாவியிலேயே ஓடும் வோக்வி போன்ற சிமுலேட்டரில் பித்தானை வைத்தால் அது வேண்டுமென்றே துள்ளுகிறது. தேவையில்லை என்றால் நாமே அணைத்துக்கொள்ள வேண்டும். துடைத்து வைத்த தரையில் ஒருவர் யோசித்து யோசித்து மண்ணைத் தூவியிருக்கிறார் என்று தோன்றியது. அவர் மேல் மரியாதையும் வந்தது.

இருந்தாலும் இந்த வழியில் முழுக்கப் போவதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. எல்லா அழுக்கையும் உள்ளே கொண்டுவந்துவிட்டால், போர்டு எதற்கு, சிமுலேட்டர் எதற்கு? முதல் வாரம் படிக்க வந்த பிள்ளைக்குத் துள்ளாத பித்தான்தான் வேண்டும். நீச்சல் பழகக் கிணற்றில் இறக்குகிறவன் முதல் நாளே கயிற்றை அவிழ்ப்பதில்லை. என் குறை வேறு. சிமுலேட்டர் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ராமில் 0 இருக்கிறது என்று அது சொன்னபோது அதற்கு உண்மையில் தெரிந்தது, அங்கே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதுதான். போர்ட் ஜீரோவில் 1 என்றபோது அதற்குத் தெரிந்தது, கை விடப்பட்டது என்பதுதான்.

சில்லுகளை வடிவமைக்கிறவர்கள் தங்களுக்கு இதற்கொரு வழி செய்துகொண்டார்கள். 1980களில் உருவான வெரிலாக் மொழியில் ஒரு கம்பியின் மதிப்பு 0, 1 என்ற இரண்டோடு நிற்பதில்லை. யாரும் பிடித்திராத கம்பிக்கு இசட். என்ன என்று தெரியாத கம்பிக்கு எக்ஸ். தெரியாததோடு தெரிந்ததைக் கூட்டினால் விடை தெரியாதது. அந்த எக்ஸ் ஒரு கறைபோலப் பரவிக்கொண்டே போய், எதைத் தொடங்கிவைக்க மறந்தாய் என்று காட்டிக்கொடுக்கும். அங்கும் ஓட்டை உண்டு. 'இஃப்' நிபந்தனையில் எக்ஸ் வந்தால் அது கமுக்கமாக 'எல்ஸ்' பக்கம் போய்விடும், அதில் ஏமாந்தவர்கள் ஏராளம். ஆனாலும் தெரியாது என்பதற்கு ஒரு எழுத்தையாவது வைத்திருந்தார்கள். அந்த எழுத்து மாணவர்களுக்கான எங்கள் சிமுலேட்டரில் இல்லை. படித்து முடித்துச் சில்லு வடிவமைக்கப் போகிறவனுக்குத் தெரியாமையைக் காட்டும் கருவி. படிக்க வருகிறவனுக்கு எல்லாம் தெரிந்ததாகக் காட்டும் கருவி. தலைகீழாக இருக்கிறது.

தெரியாததற்கு ஓர் அடையாளம் ஏடு பதிப்பித்தவர்களிடமும் இருந்தது. புறநானூற்றில் 266க்கு அடுத்து 269 வரும். நடுவில் இரண்டு பாட்டு கிடைக்கவில்லை. எண்ணை மாற்றி அடுக்கி அந்தப் பள்ளத்தை மூடியிருக்கலாம், மூடவில்லை. எழுத்து சிதைந்த இடங்களில் புள்ளி வைத்து அச்சிட்டார்கள். அந்தப் புள்ளிகளை முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

எது நல்லது என்று கேட்ட அந்த மாணவனுக்கு ஒரு வாரம் கழித்து நான் எழுதிய பதில்: "போர்டு சொன்னதுதான் நல்லது. அதற்குத் தெரியவில்லை என்பது தெரிகிறது." கொஞ்சம் அலங்காரம் கூடிவிட்டது. அவன் அதன் கீழ் "புரியல சார்" என்று எழுதியிருக்கிறான்.

மாணவர்கள் திட்டியதெல்லாம் முகமறியாத யாரையோ. இலவசமாக வந்த இந்த மாதிரிக் கருவிகள் பலவற்றுக்குப் பின்னால் பெரிய அலுவலகம் எதுவும் இல்லை. எம்சியூ 8051 ஐடிஈ, எட்சிம்51 போன்றவற்றைத் தொடங்கியவர்கள் தனியாட்கள். இதைச் சொன்ன பிறகு நோட்டில் வசவு குறைந்தது. குறை குறையவில்லை, நல்லவேளையாக.

கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு விசித்திரமான பதிவு. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று வந்ததில்லை: "போர்டுல ஓடுது சார். சிமுலேட்டர்லதான் ஓடல." நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று பார்த்தேன். ஒரு மாணவி. சீரியல் போர்ட்டில் ஒரு வரி அனுப்பும் நிரல். கிட்டில் டம்ப் பண்ணினால் கணினியில் வரி அழகாக வருகிறது. சிமுலேட்டரில் முதல் எழுத்துக்கே போகாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போதாவது சிமுலேட்டரில் உண்மையான பிழை ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு உற்சாகம். செய்தவர்களுக்கு எழுத வாசகம்கூட மனதில் ஓடியது. இரண்டு மாலை உட்கார்ந்தோம்.

அவள் நிரல் ஒவ்வோர் எழுத்தையும் அனுப்பும் முன், முந்தையது போய்விட்டதா என்று டிஐ என்ற கொடியைப் பார்த்துக் காத்திருந்தது. முதல் எழுத்துக்கு முந்தையது என்று ஒன்று இல்லை. அந்தக் கொடியை நிரல் தானே SETB என்ற கட்டளையால் ஒரு தடவை உயர்த்தி வைத்திருக்க வேண்டும், அவள் வைக்கவில்லை. சில்லு ரீசெட் ஆனதும் டிஐ 0 என்று விவரத்தாளில் தெளிவாக இருக்கிறது. சிமுலேட்டர் அதன்படி 0 வைத்துக்கொண்டு, வராத ஒன்றுக்காக ஒழுங்காகக் காத்திருந்தது. கிட்டில் கதை வேறு. அங்கே அவள் நிரலுக்கு முன்பே கிட்டின் மானிட்டர் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியோடு பேசி அவள் ஹெக்ஸ் ஃபைலை வாங்கி வைத்ததே அதுதான். வேகத்தை அமைத்து, டைமரை ஓடவிட்டு, தன் கடைசி எழுத்தை அனுப்பி முடித்து, கொடி உயர்ந்தபடி இருக்க, இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அவள் மறந்ததையெல்லாம் அது முன்கூட்டியே செய்துவைத்திருந்தது.

அந்தப் பக்கத்தில் பதில் பத்தியை நான் நிரப்பவில்லை. அவளே எழுதியிருக்கிறாள், சணல் பேனாவில் மை தீர்ந்துபோய், பாதிக்கு மேல் பென்சிலில்: "SETB சேர்த்தேன். ரெண்டுலயும் ஓடுது. சிமுலேட்டர் சரி. கிட்தான் சொல்லாம உதவி பண்ணிருக்கு."